குனோங் தாஹான் எரிமலையா? இவ்வளவு உயரமான மலை ஏன் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது?

எரிமலை இல்லை, தம்பி. சுமத்ராவும் ஜாவாவும் பக்கத்திலேயே புகைந்துகொண்டிருப்பதால், உயரமான மலை என்றாலே உள்ளே நெருப்பு இருக்கும் என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் இன்று உயிரோடிருக்கும் எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. தீபகற்பத்தின் மிக உயரமான மலையான குனோங் தாஹானின் உடம்பு முழுக்க மணல்தான். பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கல்லும் இறுகிப் பாறையாகி, இன்று கடல் மட்டத்திலிருந்து 2,187 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன.

நீங்கள் கேட்ட மற்ற இரண்டும் இதையொட்டியவைதான். நாட்டின் முதுகெலும்பு தித்திவங்சா மலைத்தொடர் என்று பள்ளியில் படித்தோமே, உச்சிப் பெருமை ஏன் அதை விட்டுவிட்டுப் பகாங் காட்டுக்குள் போனது என்று கேட்டீர்கள். ‘தாஹான்’ என்றால் ‘தடை செய்யப்பட்ட மலை’ என்று வழிகாட்டிகள் சொல்வது உண்மையா என்றும் கேட்டீர்கள். கல்லிலிருந்து தொடங்கினால் மலை ஏன் ஒதுங்கிக் கிடக்கிறது என்பதும் விளங்கும், பெயர் விஷயமும் விளங்கும்.

கோலாலம்பூரில் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. தீபகற்பத்தின் முக்கியமான பாறைகளில் மூன்றை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். பத்துமலை சுண்ணாம்புக்கல். முருகன் சிலைக்குப் பின்னால் எழும் அந்தச் செங்குத்துப் பாறை 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து பாதி பளிங்காகிவிட்டது. நீங்கள் வாரக்கடைசியில் ஏறும் புக்கிட் தாபூர் குவார்ட்ஸ். கிள்ளான் கேட்ஸ் அணைக்கு மேலே வெள்ளையாக நீண்டு கிடக்கும் அந்த முகடு, நிலத்தின் வெடிப்பு ஒன்றில் சூடான நீர் கொண்டுவந்து நிரப்பிய படிகக் கல். மூன்றாவது கெந்திங். சாலை வளைந்து ஏறும் வழியெல்லாம் கிரானைட், அதாவது நம் கருங்கல் இனம். தித்திவங்சாவின் பெரும்பகுதி இந்த கிரானைட்தான். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பு, மேலே வர முடியாமல் உள்ளேயே மெல்ல ஆறி உறைந்தது. மேலிருந்த மண்ணையும் பாறையையும் மழை அரித்துக் கொண்டுபோன பிறகு அது வெளியே தலைகாட்டியது.

தாஹானின் கல் இந்த மூன்றிலும் சேராது. அதைப் புரிந்துகொள்ள காராக் நெடுஞ்சாலையில் மலையைத் தாண்டி பெந்தோங் பக்கம் இறங்க வேண்டும்.

பெந்தோங்கிலிருந்து ராவுப் வரை ஒரு தையல் ஓடுகிறது. புவியியலாளர்கள் அதைப் பெந்தோங்–ராவுப் தையல் என்றே அழைக்கிறார்கள். இன்றைய தீபகற்பம் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருக்கவில்லை. மேற்குப் பாதி ஒரு நிலத்துண்டு, கிழக்குப் பாதி இன்னொன்று. நடுவில் தொல்தெதிஸ் என்ற பெருங்கடல். டிரையாசிக் காலத்தில் அந்தக் கடல் மூடிக்கொண்டது, இரு துண்டுகளும் மோதி ஒட்டிக்கொண்டன. ஆழ்கடல் அடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உருவான சர்ட் என்ற பாறை, இன்று பெந்தோங், ராவுப் வட்டாரத்தில் சாலை வெட்டிய மேடுகளில் தெரிகிறது. டுரியான் வாங்க அந்தப் பக்கம் போகிறவர்கள் கார் நிறுத்தும் இடத்தில், பழைய கடலின் அடித்தளம் கிடக்கிறது. தித்திவங்சாவின் கிரானைட் அந்த மோதலின் விளைவு. தாஹானின் மணல் அதற்குப் பிறகு வந்தது.

கடல் போய் நிலம் எழுந்தது. எழுந்த நிலத்தை மழை சும்மா விடுமா? ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலங்களில் ஆறுகள் அந்த மேட்டு நிலத்தை அரித்து, மணலையும் கூழாங்கல்லையும் களிமண்ணையும் இன்றைய பகாங்கின் நடுப்பகுதியில் இருந்த பள்ளங்களில் கொட்டின. அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்தப் படிவுகளுக்கு, அங்கே ஓடும் ஆற்றின் பெயரால் தெம்பெலிங் தொகுதி என்று பெயர். அது டைனோசார்கள் திரிந்த காலம். நம் ஊர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பகாங்கின் உட்பகுதியில் கிரெட்டேசியஸ் கால மணற்கல்லில் ஒரு பல்லைக் கண்டெடுத்து, 2014-இல் அறிவித்தார்கள். மீன் தின்னும் ஸ்பைனோசார் இனத்தின் பல். மலேசியாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் டைனோசார் எச்சம் அதுதான். ஆறு ஓடிய இடத்தில் மீன் தின்னி இருந்ததில் வியப்பில்லை.

இங்கே ஒரு சின்ன முணுமுணுப்பு. இந்த மலை இருக்கும் தேசியப் பூங்காவான தாமான் நெகாராவை ‘13 கோடி ஆண்டு பழமையான காடு’ என்று சுற்றுலா விளம்பரங்கள் அலுக்காமல் சொல்கின்றன. 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளங்களில் ஆறுகள் மணல் கொட்டிக்கொண்டிருந்தன. பூக்கும் தாவரங்களே உலகில் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மெரந்தி, கெருயிங் மரங்கள் அன்று ஏது? காடு மிகப் பழையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண் கல்லின் வயதுக்குத்தான் ஓரளவு பொருந்தும், மரத்தின் வயதுக்கு அல்ல.

சரி, மணல் எப்படிக் கருங்கல்லை முந்தியது? நம் நாட்டு வெயிலிலும் மழையிலும் கிரானைட் நாம் நினைக்கிற அளவு உறுதியானதல்ல. அதில் பாதிக்கு மேல் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம். வெதுவெதுப்பான மழைநீர் பட்டுப்பட்டு அது களிமண்ணாகிவிடும். கெந்திங் சாலையோரம் மழைக்காலத்தில் சரியும் அந்தச் செம்மண் எல்லாம் ஒரு காலத்தில் கிரானைட்டாக இருந்ததுதான். குவார்ட்ஸ் மட்டும் அசையாது. ஆற்று மணல் என்பது, கரையக்கூடியதெல்லாம் கரைந்து போன பின் மிஞ்சிய குவார்ட்ஸ். அந்த மணலை மறுபடி குவார்ட்ஸே சிமெண்டு போலப் பிணைத்துவிட்டால், மழைக்கு அதில் பிடி கிடைப்பதில்லை. இரண்டு முறை வடிகட்டப்பட்ட கல் என்று சொல்லலாம். அதனால்தான் தாஹானின் பக்கங்கள் செங்குத்தாக, படிப்படியாக, அருவிகளோடு இருக்கின்றன. தித்திவங்சாவின் முகடுகள் பெரும்பாலும் உருண்டு திரண்டிருக்கும்.

ஆனாலும் பெரிய வெற்றி என்று கொண்டாட ஒன்றுமில்லை. தித்திவங்சாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் குனோங் கொர்பு 2,183 மீட்டர். வித்தியாசம் நான்கு மீட்டர், நம் குடியிருப்பில் நிற்கும் விளக்குக் கம்பத்தின் உயரம்கூட இல்லை. அதற்கடுத்த யோங் பெலார் 2,181. முதல் மூன்று மலைகளும் ஆறு மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றில் இரண்டு கிரானைட், ஒன்று மணற்கல். நாடு முழுவதையும் கணக்கில் எடுத்தால் சபாவின் கினபாலு 4,095 மீட்டரோடு தனியாக நிற்கிறது. அதுவும் கிரானைட்தான், ஆனால் வயது 80 லட்சம் ஆண்டுகளுக்குள். தாஹானின் மணலோடு ஒப்பிட்டால் கைக்குழந்தை.

இப்போது, ஏன் ஒதுங்கிக் கிடக்கிறது? கோலாலம்பூரிலிருந்து நேர்கோட்டில் 180 கிலோமீட்டர்கூட வராது. தூரம் காரணமே அல்ல. என்னைக் கேட்டால், அந்தக் கல்லில் விற்பதற்கு ஒன்றுமில்லை என்பதுதான் முதல் காரணம்.

கிரானைட் கொண்டுவந்தது ஈயம். 1857-இல் ஈயம் தேடி அம்பாங்கிற்கு வந்த சீனத் தொழிலாளர்களால்தான் இந்த நகரம் முளைத்தது. ஈயம் இருந்த இடத்துக்குச் சாலை வந்தது, சாலைக்குப் பின்னால் ரயில் வந்தது. தண்டவாளம் போட நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். அந்தச் சாலையையும் ரயிலையும் ஒட்டி ரப்பர் தோட்டங்கள் வந்தன, தோட்டங்களில் லயங்கள், கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள். தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என்று மேற்குக் கரைத் தமிழர்களின் ஊர்ப் பட்டியலை ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். தித்திவங்சாவின் மேற்கு அடிவாரத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கும். நம் தாத்தா பாட்டி எங்கே குடியேறுவது என்பதைப் பாதி தீர்மானித்தது அந்த கிரானைட்.

மத்தியப் பகுதிக்குத் தங்கம் கிடைத்தது. ராவுப்பில் 1889-இல் ஆஸ்திரேலியக் கம்பெனி தோண்டத் தொடங்கியது. லிப்பிஸ் பக்கம் பென்ஜோம், செலின்சிங் சுரங்கங்களும் உண்டு. எல்லாம் தையலை ஒட்டிய பழைய பாறைகளில். அதற்கு மேலே படிந்த தெம்பெலிங் மணற்கல்லில் ஈயமும் இல்லை, தோண்டி எடுக்கும்படி தங்கமும் இல்லை. அந்த மண்ணில் பயிரும் சரியாக வராது. யாருக்கும் அங்கே சாலை போடத் தேவை ஏற்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், தாஹான் உச்சியில் பொன் நிறைந்த சாடிகள் இருப்பதாகவும் ராட்சதக் குரங்குகள் அவற்றைக் காவல் காப்பதாகவும் ஒரு பழைய மலாய்க் கதை உண்டு. கதை சொன்னவர்கள் பொன்னைச் சரியான மாநிலத்தில்தான் வைத்தார்கள், மலையை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது காரணம் ஆறு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் பலர் இந்த மலையை எட்டிப்பிடிக்க முயன்றார்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர், ரப்பர் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்திய அதே ஹென்றி ரிட்லி, முயன்று திரும்பினார். பெச்சர் என்ற சுரங்கப் பொறியாளர் 1893-இல் தாஹான் ஆற்று வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். கேம்பிரிட்ஜ் குழுவோடு வந்த வால்டர் ஸ்கீட் 1899-இல் முயன்றார், உச்சி கிட்டவில்லை. தெரிந்த பாதை ஆறு ஒன்றுதான் என்பதால் ஆற்றைப் பிடித்தே மேலே போனார்கள். மணற்கல் நாட்டில் அது பொறி. கடினமான அடுக்கு வரும் இடமெல்லாம் ஆறு அருவியாக விழும், இருபக்கமும் சுவர் போலப் பாறை நிற்கும். மேலே மழை பெய்தால் ஒதுங்க இடமிருக்காது.

1905-இல் ஹெர்பர்ட் ராபின்சன் அனுப்பிய குழுதான் உச்சியை எட்டியது. முதலில் கால் வைத்தவர்கள் அந்தக் குழுவிலிருந்த நான்கு மலாய்க்காரர்கள். ராபின்சன் அப்போது கோலாலம்பூரில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தில் பொறுப்பில் இருந்தவர். அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதி 1945-இல் குண்டு விழுந்து நாசமானது. அதே இடத்தில்தான் இன்று தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. இன்றைய பாதையிலும் அந்தப் பாடம் தெரிகிறது: கோலா தேக்கு என்ற இடம் வரை ஆற்றங்கரை, அங்கிருந்து ஆற்றை விட்டு விலகி முகட்டைப் பிடித்து ஏற்றம்.

இனி பெயர். தாஹான் என்பது ‘போலே தாஹான்’ என்று நாம் தினமும் காப்பிக் கடையில் சொல்கிற அதே சொல். தாங்கு, தாக்குப்பிடி, தடுத்து நிறுத்து என்று பொருள் விரியும். ‘தடுத்து நிறுத்து’ என்பதைப் பிடித்துக்கொண்டு யாரோ ‘தடை செய்யப்பட்ட மலை’ ஆக்கிவிட்டார்கள், கேட்க மர்மமாக இருப்பதால் அது ஒட்டிக்கொண்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போகக் கூடாத இடத்துக்கு மலாயில் தனிச் சொல் இருக்கிறது: லாராங்கான். சிங்கப்பூரில் இன்று ஃபோர்ட் கானிங் என்று அழைக்கப்படும் குன்றின் பழைய பெயர் புக்கிட் லாராங்கான். பழைய அரசர்களின் இடம் என்று சொல்லி மக்கள் அதில் ஏறாமல் இருந்தார்கள். தாஹானையும் அப்படித் தடுத்து வைத்திருந்தால் இங்கும் அந்தச் சொல்தான் வந்திருக்கும்.

மலாய் உள்நாட்டில் பெயர் பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறும். படகில் வருகிறவன் முதலில் பார்ப்பது ஆற்றின் வாயை. அதற்கு ஒரு பெயர் வைப்பான், அது கோலா. ஆறு புறப்படும் பக்கம் உலு. கெந்திங்கின் உச்சிக்கு உலு காலி என்று பெயர் வந்தது அது காலி ஆற்றின் தலைப்பகுதி என்பதால். தாஹானிலும் வரிசை அப்படியே இருக்கிறது. தெம்பெலிங் ஆற்றில் தாஹான் ஆறு கலக்கும் இடம் கோலா தாஹான், அந்த ஆறு இறங்கி வரும் தொடர் தாஹான் தொடர், உச்சி குனோங் தாஹான். படகுக்காரனை அருவியும் பாறையுமாகத் தடுத்து நிறுத்தும் ஆற்றுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆறுதான் முதலில் பெயர் பெற்றது, மலை அதை வாங்கிக்கொண்டது என்பது என் கட்சி. அங்கே காலங்காலமாக வாழும் ஓராங் அஸ்லி மக்களான பாத்தேக் இனத்தவருக்கும் ஆறுகள்தான் வழியும் அடையாளமும்.

ஏறிப் போகிறவர்களுக்கு மலையின் மிக நல்ல பகுதி உச்சி அல்ல. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காடு திடீரென்று விலகி, வெட்டவெளி ஒன்று வரும். அதைப் பாடாங் என்கிறார்கள். காலடியில் வெண்மணல், இடுப்புயர மரங்கள், குடுவைச் செடிகள், தேநீர் நிறத்தில் ஓடை நீர். குளிர்தான் மரங்களைக் குட்டையாக்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். குளிருக்கும் பங்குண்டு, உச்சியில் கோலாலம்பூரைவிட 12, 13 டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் பெரிய குற்றவாளி மறுபடியும் மணற்கல்தான். குவார்ட்ஸ் மணலில் சத்தே கிடையாது, இருக்கும் கொஞ்சத்தையும் மழை கழுவிவிடும். அதனால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிக்கு அங்கே கொண்டாட்டம். அழுகாத இலைதழையின் சாறு நீரைப் பழுப்பாக்குகிறது. லிவிஸ்டோனா தாஹானென்சிஸ் என்ற பனை இனம் இந்த மலைக்கே உரியது, இயற்கையில் வேறெங்கும் வளர்வதில்லை.

விற்க ஒன்றுமில்லாத மலை என்றேனே, அதுவே பின்னர் அதற்குக் காப்பாகவும் ஆனது. 1925-இல் தியோடர் ஹபாக் என்பவரின் முயற்சியில் சுமார் 1,300 சதுர கிலோமீட்டர் நிலம் குனோங் தாஹான் வனவிலங்குச் சரணாலயமாக ஒதுக்கப்பட்டது. தோட்டமோ சுரங்கமோ வந்திருந்தால் இது நடந்திருக்குமா? 1938–39-இல் பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றும் சேர்ந்து 4,343 சதுர கிலோமீட்டராக அதை விரித்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் பூங்காவாக்கின. சுதந்திரத்துக்குப் பிறகு அது தாமான் நெகாரா ஆனது.

போவதாக இருந்தால்: இரண்டு வழி. ஜெரண்டுட் வழியாகக் கோலா தாஹான் போய் அங்கிருந்து நடப்பது பழைய பாதை. உச்சிக்கு ஒருவழி மட்டும் 55 கிலோமீட்டர் அளவில் வரும், ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும், போய்வர ஒரு வாரம் ஆகும். லிப்பிஸுக்கு வடக்கே மெராபோ பக்கமிருந்து ஏறுவது ஏறக்குறைய பாதித் தூரம். பலர் மெராபோவில் ஏறி மெராபோவிலேயே இறங்குகிறார்கள். முதல் முறைக்கு அது போதும், ஆனால் பாடாங்கைச் சரியாகப் பார்க்க விரும்பினால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குங்கள். மெராபோவில் இன்னொரு லாபம், அடிவாரத்தில் பத்துமலை போலவே சுண்ணாம்புக்கல் குன்றுகளும் குகைகளும் உண்டு. அங்கிருந்து மேலே போகப் போகக் கல் மாறுவதைக் காலடியிலேயே பார்க்கலாம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம்.

அட்டைக்கு உப்பும் உயரமான காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை. மலையேற்றத்தை மூடிவிடுவார்கள்.